தொண்ணூறு பாகத்துக் கொழுப்பன்

டெட்ராய்ட்
ஜூன் 14, 1971

அன்புள்ள அக்காவுக்கு,

எய்னோ எழுதுகிறேன். இங்கே நான், காரல், பிள்ளைகள் எல்லோரும் சுகம். உன் முழங்கை வலி தேவலையா? லௌரி அத்தான் புகையறைக்குப் புதுக் கூரை போட்டுவிட்டாரா?

ரொம்ப நாளாக எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டிக்கொள். இப்போதும் ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை. எங்கள் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவின் மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு யார் என்று முடிவு செய்பவர் திரு. பிராட்வெல். அவருக்கு மீன்பிடிப்பில் பைத்தியம். அவர் அறைச் சுவர் முழுக்கப் பாடம் செய்த மீன்கள். நடுவில் மட்டும் ஓர் இடம் காலி. "அங்க ஒரு ஏரி ட்ரவுட் வரணும் எட். சின்னது இல்ல, பாக்குறவன் வாயப் பொளக்கணும்" என்று என் தோளில் தட்டிச் சொன்னார். இங்கே என்னை எட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். உடனே நான், வடக்கே அந்த ஏரியில் படகு வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை இரண்டாம் வாரம் அவரை அழைத்துக்கொண்டு வருகிறேன். கடைக்காரன் தலையில் கட்டியதையெல்லாம் வாங்கி வைத்திருக்கிறார். மெல்லிய கழிகள், இறகு கட்டிய பூச்சிகள், தலைமுடி மாதிரித் தூண்டில் நரம்பு. ஆழத் தண்ணீருக்கு இதெல்லாம் உதவாது என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னென்ன வேண்டும் என்று நீயே விவரமாக எழுதிவிடு. அவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.

உன் அன்புத் தம்பி,
எய்னோ

---

கிவிரந்தா
ஜூன் 23, 1971

தம்பி எய்னோவுக்கு,

உன் கடிதம் வந்தது. "படகு வைத்திருக்கும் ஒருவர்" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒருவர் சௌக்கியம். அந்த ஒருவரின் முழங்கையும் அப்படியே இருக்கிறது. கூரை போட்டாயிற்று. அத்தான் மேலிருந்து ஒருமுறை விழுந்தும் ஆயிற்று. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் படகுக்கு நான் ஒருத்திதான்.

இறகுப் பூச்சியை உன் முதலாளி தொப்பியில் குத்திக்கொள்ளட்டும். ஜூலையில் மேல் தண்ணீர் சூடேறிவிடும். மீன் குளிரைத் தேடி இருபது, முப்பது பாகத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஒரு பாகம் என்றால் ஆறடி என்று அவருக்குச் சொல். அங்கே தூண்டில் போய்ச் சேர வேண்டுமென்றால் எஃகுக் கம்பிதான். நரம்பு இழுபடும், நீரோட்டத்தில் வளைந்துகொண்டு போகும்; கீழே மீன் தொட்டதா கல் தொட்டதா என்று கைக்குத் தெரியாது. கம்பி பொய் சொல்லாது. அதன் நுனியில் கைமுட்டி அளவு ஈயம். ஈயத்துக்குப் பின்னால் இரண்டு ஆள் நீளத்துக்கு நரம்பு, அதன் முனையில் பித்தளைத் தகடு, தகட்டில் ஒரு துண்டு ஹெர்ரிங் மீன். தோல் பக்கம் வெளியே தெரிய வேண்டும். இத்தனையும் என்னிடம் இருக்கிறது. அவர் எதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

படகு நடக்கிற குழந்தையைவிட மெதுவாகப் போகும். ஈயம் தரையில் ஒருமுறை தட்ட வேண்டும். தட்டியதும் ஒரு முழம் தூக்கிவிட வேண்டும். ட்ரவுட் வெடுக்கென்று இழுக்காது. திடீரென்று கை கனக்கும், அவ்வளவுதான். சுண்டி இழுத்தால் வாய் கிழிந்து போய்விடும். சுற்றும்போது நிதானமாகச் சுற்ற வேண்டும். பாதி வழியில் கொஞ்சம் நிறுத்த வேண்டும்; அப்போதுதான் மீன் வயிற்றுக் காற்றை விடும். முதலில் குமிழி வரும், பிறகு மீன் வரும்.

சுவரில் மாட்டத்தான் என்றால் இந்த இருபது, முப்பது பாகத்து மீன்தான் சரி. ஒல்லியானது, சதை கெட்டியானது. இன்னும் கீழே போனால் கொழுப்பன், உடம்பெல்லாம் எண்ணெயாக இருக்கும் ட்ரவுட். நீ மறந்திருக்க மாட்டாய். ஏழு வயதில் ஒரு கொழுப்பன் தலையை சவுனா குளியலறை வாசலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினாயே, ஊரெல்லாம் வந்து பார்க்கட்டும் என்று. கோடை முழுக்க எண்ணெய் சொட்டி, கடைசியில் போதகர் குளிக்க வந்த அன்று அவர் வழுக்கையிலேயே சொட்டியது. அப்பா இடுப்பு வாரைக் கழற்றினார். நான்தான் குறுக்கே விழுந்தேன். போதகர் அங்கியில் அந்த நாற்றம் கிறிஸ்துமஸ் வரைக்கும் போகவில்லை.

வா. ரை மாவு ரொட்டி சுட்டு வைக்கிறேன்.

அக்கா,
ஹில்யா

---

கிவிரந்தா
ஜூலை 20, 1971

எய்னோ,

இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்து போய்விட்டேன்.  இன்று எழுதிவிடுகிறேன்.

வண்டி வந்து துறையில் நின்றது. நீ இறங்கினாய். நான் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, என் தம்பியைக் கட்டிக்கொள்ள ஓடி வந்தேன். நீ கையை நீட்டினாய். "வணக்கம்மா. நான் எட் கெம்ப். இவர் திரு. பிராட்வெல்" என்றாய். உன் கண் என்னைப் பார்த்துக் கெஞ்சியது. அந்தக் கெஞ்சலுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். இல்லாவிட்டால் அங்கேயே அறைந்திருப்பேன். உன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். வழவழவென்று இருந்தது. பிறகு என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

உன் முதலாளியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? சுருட்டை ஹெர்ரிங் வாளியில் அணைத்தார். கம்பியை, கிணற்றில் வாளி இழுப்பதுபோல் சரசரவென்று சுற்றினார். ரெண்டு மீன் வாய் கிழிந்து போயிற்று. "மெதுவாங்க, நடுவுல நிறுத்துங்க" என்றேன். "இந்தப் பொம்பளைக்கு வாய் அதிகம்பா" என்று உன்னிடம் சொன்னார். நீ சிரித்தாய். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். மீன் மேலே வர, அதற்கு முன்னால் குமிழி வந்தது. நீ குனிந்து பார்த்து, "அது என்னங்க குமிழி?" என்று என்னிடம் கேட்டாய். என்னங்க! நீ நடக்கக் கற்றுக்கொண்டதே அந்தப் படகில்தான். குமிழியைப் பார்த்து "வருது, வருது" என்று கத்துவது உன் வேலையாகவே இருந்தது. அப்பா அதற்காகத்தான் உன்னைப் படகில் ஏற்றுவார். தெரியாததுபோல் கேட்டுவிட்டு, நான் விளக்கிச் சொல்ல, "ஓ, அப்படியா!" என்று வியந்தாயே. எவ்வளவு நன்றாக வியந்தாய்!

ஒரு மீனின் விலாவில் ரத்தம் உறிஞ்சும் பாம்புமீன் ஒட்டிக்கொண்டிருந்தது. உன் முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, கருமம்" என்றார். நான் பிய்த்து மிதித்துப் போட்டேன். எனக்கு அதைப் பார்த்து ஒன்றும் அருவருப்பு இல்லை. அது அப்படித்தான் பிறந்தது. என் எதிரில் உட்கார்ந்திருந்த ஒன்றைப் பார்த்துத்தான் அருவருப்பு.

இன்னும் முடியவில்லை. பிடித்ததையெல்லாம் பலகையில் ஆணியடித்துத் தொங்கவிட்டுப் படம் எடுத்தீர்கள். "எதுவும் பெருசா இல்லையே" என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் உங்கள் வண்டி போன பிறகு, அத்தான் புகையறைச் சாம்பலைக் கொட்டக் குப்பைமேட்டுக்குப் போனார். வழியில், நீங்கள் தங்கியிருந்த விடுதிக் குப்பைத்தொட்டியில் அத்தனை மீனும் கிடந்தன. ஒன்றைக்கூட அறுக்கவில்லை. வெயிலில் ஊதி, கண் வெளியே வந்து, ஈ மொய்த்துக் கிடந்தன. அத்தான் எதற்கும் கோபப்படாதவர் என்று உனக்குத் தெரியும். "உன் தம்பி இதுக்கா வந்தான்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பேருமாக வண்டியில் அள்ளி உருளைக்கிழங்குப் பாத்தியில் புதைத்தோம். இன்னும் மூக்கை விட்டு அந்த வாடை போகவில்லை.

எங்களிடம் கொடுத்திருந்தால் தின்றிருப்போம். கொடுத்தால் உறவு தெரிந்துவிடும் என்று பயந்தாயா?

சுட்ட ரொட்டியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஹில்யா

---

டெட்ராய்ட்
ஆகஸ்ட் 5, 1971

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் காரல் பார்க்காமல் படித்தேன். நீ சொன்னது எல்லாம் நியாயம். ஆனால் அங்கே இருந்துகொண்டு சொல்வது சுலபம்.

நான் இங்கே வந்த புதிதில், மதிய உணவுக்கு நீ அனுப்பிய புகைபோட்ட மீனை எடுத்துப் பிரித்தேன். ஒருவன் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தான். "மீன்காரன் வந்துட்டான், மூக்க மூடிக்கோங்கடா" என்றான். என் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பெயரை வெட்டினேன், மீனை விட்டேன். அப்புறம்தான் மனுஷனாக நடத்தினார்கள். என் அப்பா மரக்கடை வைத்திருந்தார் என்றும், எனக்கு உறவென்று இப்போது யாருமில்லை என்றும் பிராட்வெல்லிடம் எப்போதோ சொல்லிவைத்திருந்தேன். திடீரென்று துறையில் நின்று எப்படி மாற்றிச் சொல்வேன்? பொய்க்காரனுக்கா பதவி கொடுப்பார்? மீன்களைக் கொட்டியது அவர்தான், நான் தடுக்கவில்லை. அது தப்புத்தான்.

இதையெல்லாம் எழுதிவிட்டு இன்னொன்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவர் அந்தக் காலி இடத்தைப் பார்த்துப் பார்த்துப் புலம்புகிறார். இன்னொரு தொழிற்சாலை மேலாளர் ஒரு பெரிய மீனை மாட்டியிருக்கிறாராம். அதைவிட எடையில் கூடியது வேண்டுமாம். அதைப் பிடித்தது தாமே என்றுதான் சொல்லிக்கொள்வார். நீ ஒன்று பிடித்து, ஐஸில் வைத்து பஸ்ஸில் அனுப்ப முடியுமா? எடைதான் முக்கியம். எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தாலும் சரி. அக்டோபரில் பதவி முடிவாகிறது. அக்கா, இந்த ஒரு தடவை.

எய்னோ

---

கிவிரந்தா
செப்டம்பர் 2, 1971

எய்னோ,

அனுப்பியிருக்கிறேன். மரப்பெட்டியில் ஐஸ், மேலே மரத்தூள். பஸ் நிலையத்தில் எட் கெம்ப் என்று கேட்டு வாங்கிக்கொள். உன் பெயரை அப்படி எழுதுவதற்குள் பென்சில் முனை உடைந்தது.

நீ கேட்டதுபோல் எடை உள்ளது. மேல் தண்ணீரில் அந்த எடைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் தீவுக்கு அந்தப்புறம் தொண்ணூறு பாகத்தில் போட்டேன். இரட்டை ஈயம் கட்டி, முழு ஹெர்ரிங்கையே கோத்து, மரச்சக்கரத்திலிருந்து கம்பியைக் கையாலேயே இறக்கினேன். தட்டியதும் ஒரு முழம் தூக்கி, ஆட்டிவிட்டுக் காத்திருந்தேன். கனத்தது. கையால் இழுத்து ஏற்றும்போது முழங்கை கழன்றுவிடும் போலிருந்தது. மூன்று இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் கொதிக்கிறதோ என்னும்படி குமிழி வந்தது. "வருது" என்று கத்த ஆளில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

இது கொழுப்பன். தின்றால் அமிர்தம். புகைபோட்டால் விரலை நக்குவீர்கள். சுவரில் மாட்டினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் முதலாளிக்கு நீ சொல்லு. எத்தனை சீவினாலும் தோலிலும் தலையிலும் எண்ணெய் நிற்கும். அறையில் சூடு ஏறினால் இறங்கும்.

எனக்கு இதற்கு விலையாக ஒன்றே ஒன்று கொடு. எவன் பிடித்தான் என்று அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். "எப்படி உனக்குத் தெரியும்?" என்று கேட்பார் இல்லையா, அப்போது "என் அக்கா சொன்னாங்க" என்று சொல்லு. அந்த மூன்று வார்த்தை போதும். நான் எதையும் மறந்துவிடுவேன். குப்பைத்தொட்டியையும் மறந்துவிடுவேன்.

அக்கா

---

டெட்ராய்ட்
அக்டோபர் 18, 1971

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குப் பதவி கிடைத்துவிட்டது! உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். மீனைப் பார்த்ததும் பிராட்வெல் பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "யப்பா, இதென்ன பன்னிக்குட்டியா?" என்றார். ஊரிலேயே பெரிய பாடம் செய்கிறவரிடம் கொடுத்து, நடுவில் மாட்டியாகிவிட்டது. வந்தவர்களிடம் அரைமணி நேரம் போராடிப் பிடித்ததாகச் சொல்கிறார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

நீ கேட்டதைச் சொல்லச் சரியான சமயம் வாய்க்கவில்லை. எண்ணெய் விஷயத்தைச் சொல்லப் போனால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார், அங்கிருந்து எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டியிருக்கும். பாடம் செய்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன். பதவியில் கொஞ்சம் கால் ஊன்றிக்கொண்டதும் கட்டாயம் சொல்வேன். அத்தானுக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன்.

எய்னோ

---

டெட்ராய்ட்
பிப்ரவரி 21, 1972

பெறுநர்: படகு உரிமையாளர், கிவிரந்தா

அம்மையீர்,

சென்ற செப்டம்பரில் தங்களிடமிருந்து பெறப்பட்ட மீன், தரக்குறைவானது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். குளிர்காலத்தில் அறைச் சூடேற்றி இயங்கத் தொடங்கியது முதல் மேற்படி மீனின் வாயிலிருந்தும் வயிற்றிலிருந்தும் மஞ்சள் நிற எண்ணெய் கசிந்து வருகிறது. சுவரும் தரைவிரிப்பும் பாழாயின. துர்நாற்றம் காரணமாக அந்தத் தளத்தில் பணியாற்றுவோர் ஜன்னல்களைத் திறந்து வைக்க நேர்ந்தது. தலைமையகத்திலிருந்து வந்திருந்த மூத்த அதிகாரி நாற்காலியில் அமர்ந்திருந்தபோது அவர் தலைமீதே எண்ணெய் சொட்டியது.

கெட்ட மீனை நல்ல மீன் என்று கொடுத்ததாகத் தாங்கள் எழுத்துமூலம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று திரு. பிராட்வெல் அவர்கள் விரும்புகிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
எட் கெம்ப்
மேற்பார்வையாளர், பெயின்ட் பிரிவு

(அக்கா, கோபித்துக்கொள்ளாதே. டைப் அடிக்கும்போது அவர் பின்னாலேயே நின்றார். மீன் யார் மூலம் வந்தது என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "அந்தப் படகுக்காரி ஏமாத்திட்டா சார்" என்று வாயில் வந்துவிட்டது. நீ இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் எனக்கு வேலை தப்பும். உன்னை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். எ.)

---

கிவிரந்தா
மார்ச் 3, 1972

மதிப்புக்குரிய திரு. எட் கெம்ப் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தானுக்கு, அதாவது என் கணவருக்கு, உரக்கப் படித்துக் காட்டினேன். மூத்த அதிகாரி தலையில் சொட்டிய இடத்தில் இடுப்பு வலியையும் மறந்து சிரித்தார். படகுக்காரி என்ற இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

நீங்கள் யாரென்று எனக்குச் சரியாகத் தெரியாது. போன ஜூலையில் என் படகில் வந்த இரண்டு பேரில் ஒருவர் என்று நினைவு. குமிழி ஏன் வருகிறது என்று கேட்டவர். நான் விளக்கிச் சொன்னேன்.

கெட்ட மீன் கொடுத்ததாக எழுதித் தர முடியாது. அது நல்ல மீன். அதை நான் உங்களுக்கும் கொடுக்கவில்லை, உங்கள் முதலாளிக்கும் கொடுக்கவில்லை. எனக்கு ஒரு தம்பி உண்டு, எய்னோ கெம்பைனன் என்று பெயர். அவன் கேட்டான், முழங்கை வலியோடு பிடித்து அனுப்பினேன். கொழுப்பனை ஆணியில் மாட்டினால் யார் தலையில் சொட்டும் என்று அவனுக்கு ஏழு வயதிலேயே தெரியும். அவன் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது. அதனால் பெட்டி அவன் கைக்குப் போய்ச் சேரவேயில்லை, பஸ் நிலையத்தில் வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று முடிவு செய்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தின் அடியில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். பழக்கமான கையெழுத்துபோல இருந்தது. ஆனால் ஒரே தாளில் மேலே அம்மையீர் என்றும் கீழே அக்கா என்றும் எழுதுகிறவர் யாரும் எங்கள் வீட்டில் பிறக்கவில்லை. அந்தப் பகுதியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். கம்பளிச் சட்டையைத் தனியாகத் திருப்பி அனுப்புகிறேன். போடவில்லை, நாற்றமில்லை.

என் தம்பியை அந்தப் பக்கம் எங்காவது பார்த்தால் ஒரு செய்தி சொல்லுங்கள். ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. மே மாதம் படகு இறங்கும். சுக்கான் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், இவரால் இனி முடியாது. வந்தால் கையை நீட்டிக்கொண்டு வர வேண்டாம். துறையில் நாலு பேர் நிற்கும்போது, எல்லோருக்கும் கேட்கும்படி அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு வரட்டும். அப்படிக் கூப்பிட முடியாது என்றால், பஸ் திரும்பிப் போகும் நேரம் கடை வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
படகுக்காரி